பழைய வண்டிக்கு ஒரு விலை, கேன்டீன் அட்டைக்கு ஒரு விலை

குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில் ஒரு வீடு. வாசலில் அண்ணன், தம்பி இருவரின் கார்களும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாதத்தில் எடுத்தவை. அண்ணன் ஓய்வுபெற்ற ஹவில்தார். ராணுவ கேன்டீன் மூலம் வாங்கினார். தம்பிக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. அவரிடம் ஏற்கெனவே அதே கம்பெனியின் பழைய கார் இருந்தது. அதை ஷோரூமில் கொடுத்துவிட்டு, எக்ஸ்சேஞ்ச் போனஸ், லாயல்டி போனஸ் என்று இரண்டு சலுகைகளோடு புதியதை எடுத்தார். இருவருமே தள்ளுபடியில்தான் வாங்கினார்கள். எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் அண்ணன் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். தம்பிக்குப் பேப்பரும் பேனாவும் வேண்டும்.

கேன்டீன் சலுகையையும் பழைய உரிமையாளருக்கான சலுகையையும் அருகருகே வைத்துப் பார்க்க நீலகிரி தோதான இடம். 1947-இல் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் வெலிங்டனுக்கு வந்தது. பிரிவினையில் குவெட்டாவை விட்டு வந்த ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியும் அதே ஆண்டு அங்கேயே நிலைகொண்டது. பணியில் இருப்பவர்களும் ஓய்வுபெற்று இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்களுமாக, கேன்டீன் அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் குன்னூர் வட்டாரத்தில் நிறைய. அவர்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே சிறு தேயிலை விவசாயிகள், எஸ்டேட் ஊழியர்கள், ஆசிரியர்கள், லாட்ஜ் நடத்துபவர்கள், டாக்ஸிக்காரர்கள். கடைசி பஸ் போய்விட்டால் நடந்துதான் ஊர் சேர வேண்டிய கிராமங்கள் உள்ள மலை இது. இங்கே காரை ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் தம்பியின் சலுகை. ஷோரூம்காரர் எழுதித் தரும் தாளில் அது ஒரே தொகையாக இருக்காது, நாலைந்து வரிகளாக இருக்கும். யார் வந்தாலும் கிடைக்கும் பொதுத் தள்ளுபடி ஒன்று. பழைய வண்டியைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ். அந்த வண்டி அதே கம்பெனியுடையது என்றால் லாயல்டி. வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டையைக் காட்டினால் கார்ப்பரேட் போனஸ். இதற்குமேல் இலவச மேட், சீட் கவர், ஒரு வருஷ கூடுதல் வாரண்டி என்று டீலர் தன் பங்குக்குச் சேர்ப்பார். மாருதி போன்ற நிறுவனங்களில் சர்வீஸ் விடும்போதெல்லாம் புள்ளிகள் சேர்ந்து, அவற்றை உதிரிபாகத்துக்கோ இன்சூரன்ஸுக்கோ கழித்துக்கொள்ளும் திட்டமும் உண்டு.

இவற்றில் பொதுத் தள்ளுபடி நீங்கள் பழைய உரிமையாளர் என்பதற்காகத் தரப்படுவதல்ல. ஆடி மாதத்தில் வண்டி எடுக்க மனம் வராத ஊர் நம்முடையது. அந்த மந்தத்தை ஈடுகட்டவும், டிசம்பரில் அந்த ஆண்டுத் தயாரிப்பைத் தள்ளிவிடவும், மார்ச்சில் கணக்கு முடிக்கவும் கம்பெனி கொடுப்பது அது. இதையும் கூட்டி, 'உங்களுக்காக அறுபதாயிரம் குறைத்திருக்கிறோம் சார்' என்று ஷோரூம் சொல்லும்போது, அதில் பழைய வண்டியால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். முதல்முறை கார் வாங்கும் பக்கத்து மேஜைக்காரருக்கும் அதில் நாற்பதாயிரம் கிடைத்திருக்கலாம்.

மீதியுள்ள போனஸ் கையில் வருவதற்குப் பழைய வண்டியை ஷோரூமில் ஒப்படைக்க வேண்டும். ஆட்டம் தொடங்குவது இங்கேதான். போனஸ் தொகையைக் கம்பெனி நிர்ணயிக்கிறது. பழைய வண்டியின் விலையை டீலரின் மதிப்பீட்டாளர் நிர்ணயிக்கிறார். முன்னதில் பேரம் இல்லை, பின்னதில் பேரம் மட்டுமே உண்டு. ஒரு பேச்சுக்குச் சில தொகைகளை வைத்துப் பார்க்கலாம். தம்பியின் பழைய காரை உள்ளூரில் ஒருவர் 2,10,000-க்குக் கேட்கிறார். ஷோரூம் 1,80,000 என்று மதிப்பிட்டு, எக்ஸ்சேஞ்சும் லாயல்டியும் சேர்த்து 25,000 போனஸ் தருகிறது. மொத்தம் 2,05,000. தாளில் இருபத்தைந்தாயிரம் லாபம். கையில் ஐயாயிரம் நஷ்டம். பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாய் என்று வைத்தால் அந்த 25,000 என்பது 1,250 கிலோ இலை. அவ்வளவு இலையைப் பறித்துக் கொடுத்தவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் தாளில் அந்த வரியைப் பார்த்ததும் மனம் இளகுகிறது.

ஷோரூம் ஏன் குறைத்து மதிப்பிடுகிறது? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமில்லை. அந்த வண்டியை வாங்கி, பழுது பார்த்து, நிறுத்தி வைத்து, வேறொருவருக்கு விற்கும் வரை பணம் முடங்குகிறது. வரியும் இருக்கிறது. 2024 டிசம்பர் 21-இல் ஜெய்சல்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பழைய வண்டி வியாபாரிகள் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் வரி என்று எல்லா வகைக் கார்களுக்கும் ஒன்றாக்கியது. சிறிய கார்களுக்கு அதற்கு முன் அது 12 சதவீதம். தன் சொந்தக் காரை இன்னொருவருக்கு நேராக விற்கும் தனிநபருக்கு இந்த வரி கிடையாது. ஆகவே நேர் விற்பனையில் இருவருக்குள்ளும் பங்கு போட்டுக்கொள்ளக் கொஞ்சம் கூடுதல் பணம் எப்போதும் இருக்கும்.

இதுவரை சொன்னது கோயம்புத்தூருக்கும் பொருந்தும், மதுரைக்கும் பொருந்தும். மலை ஏறியதும் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று பழைய வண்டியின் விலையைக் குறைக்கிறது, மற்றது ஏற்றுகிறது.

குறைப்பது மலைப்பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஃபர்ஸ்ட், செகண்ட் கியரிலேயே இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். பாதி கிளட்ச்சில் நிறுத்தி எடுப்பதைப் புதிதாக ஓட்டுபவர்கள் வழக்கமாக்கிக்கொண்டால் கிளட்ச் தட்டு தேய்ந்துபோகும். இறங்கும்போது பிரேக் பேட் தேயும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கையாவது இழந்துவிடும். அந்தக் குறையை டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்துத்தான் சரிக்கட்டுகிறார். தென்மேற்குப் பருவத்தில் வாரக்கணக்கில் காயாத ஈரம், கதவின் அடிப்பக்கத்தையும் சைலன்சரையும் தின்னும். நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய மலை வண்டியும் அதே அளவு ஓடிய கோவை வண்டியும் ஒன்றல்ல என்பது கீழே இருக்கும் மதிப்பீட்டாளருக்குத் தெரியும். ஆர்சி புத்தகத்தில் நீலகிரியின் பதிவெண்ணான டிஎன்-43-ஐப் பார்த்ததும் கிளட்ச்சையும் பிரேக்கையும் முதலில் சோதிப்பது அதனால்தான். மலைக்காரர் தம் பக்கம் சொல்லவும் ஒன்று உண்டு: ஏசி கிட்டத்தட்ட புதிது, வருஷத்தில் பத்து நாள் கீழே போகும்போது போட்டிருந்தால் அதிகம். இதை எந்த மதிப்பீட்டாளரும் கணக்கில் சேர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

விலையை ஏற்றுவதும் அதே டிஎன்-43 தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் சீசன் காலத்துக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. டிஎன்-43 பதிவெண்ணுக்கு இ-பாஸ் தேவையில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் செங்குத்தான கல்லட்டிப் பாதையிலும் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. உள்ளூர் எண்ணுக்குத்தான் வழி. மலையில் இருந்துகொண்டு வெளி மாவட்ட எண்ணோடு வண்டி வைத்திருப்பவர் தனியே அனுமதி வாங்கிச் சோதனைச் சாவடியில் காட்ட வேண்டியிருக்கிறது. இப்படி இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் ஒரு வசதியாக மாறியிருக்கும்போது, கோத்தகிரியிலோ கூடலூரிலோ பழைய கார் தேடும் ஒருவருக்கு டிஎன்-43 கார் பிடித்துப்போவதில் வியப்பில்லை. அந்த வசதிக்கு அவர் விலை தருவார். கோவை யார்டில் நிறுத்தி ஈரோட்டுக்காரருக்கு விற்கப்போகும் டீலருக்கு அதனால் பைசா பிரயோஜனம் கிடையாது. மலைத் தேய்மானத்துக்காக அவர் கழிப்பார். மலை எண்ணுக்காக எதையும் கூட்ட மாட்டார்.

என் கணிப்பில், பழைய உரிமையாளருக்கான சலுகை சமவெளியில் தரும் பலனை மலையில் தருவதில்லை. போனஸ் தொகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதற்காக விட்டுக்கொடுக்கும் வண்டியின் உள்ளூர் மதிப்புதான் இங்கே வேறு.

இனி அண்ணனின் பக்கம். ராணுவ கேன்டீன் துறை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது, மும்பையில் தலைமையகம். பிஸ்கட்டும் சோப்பும் கேன்டீன் அலமாரியில் இருக்கும். கார், பைக், ஃபிரிட்ஜ் போன்றவற்றை யாராவது கேட்டு, பணம் கட்டிய பின்தான் வரவழைப்பார்கள். ஏஎஃப்டி பொருள் என்று சொல்வார்கள். 2021 ஜனவரி முதல் இதற்கு இணையதளமும் இருக்கிறது. டீலரிடம் வண்டி இருக்கிறதா என்று பார்த்து, விண்ணப்பித்து, முழுப் பணத்தையும் கேன்டீன் துறைக்குக் கட்ட வேண்டும்; அவர்கள் டீலருக்குச் சப்ளை ஆர்டர் கொடுப்பார்கள்; அதைக் காட்டி வண்டியை எடுக்க வேண்டும். அண்ணன் போவதும் தம்பி போன அதே ஷோரூமுக்குத்தான். ஆனால் அவர் உட்காரும் நாற்காலியில் பேரம் இல்லை. விலை முன்பே அச்சிடப்பட்டது. வெலிங்டனில் உள்ள அண்ணனுக்கும் அம்பாலாவில் உள்ள இன்னொரு ஹவில்தாருக்கும் கேன்டீன் விலை ஒன்றே.

அந்த விலைக் குறைவு எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு வரியிலிருந்து. கேன்டீன் துறை தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியில் பாதியைத் திரும்பப் பெறும் ஏற்பாடு 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதே செய்யப்பட்டது. மொத்தக் கொள்முதல் என்பதால் கம்பெனியும் கொஞ்சம் குறைக்கலாம்; துறை தன் சிறு லாபத்தைச் சேர்க்கும். அடிப்படை வரிதான். வரிக்கு முன் ஐந்து லட்சம் விலையுள்ள ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். இன்றைய 18 சதவீத ஜிஎஸ்டியில் ஷோரூம் விலை 5,90,000. வரியில் பாதி போனால் 5,45,000. மிச்சம் 45,000.

2025 செப்டம்பர் 22-க்கு முன் இந்த மிச்சம் இன்னும் பெரியது. அப்போது இத்தகைய காருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், மேலே ஒரு சதவீத செஸ். செஸ்ஸை விட்டுவிட்டு வரியை மட்டும் பார்த்தால் 1,40,000. பாதி என்றால் 70,000. வரியைக் குறைத்தபோது எல்லோருக்கும் விலை இறங்கியது, அண்ணனுக்கும் இறங்கியது. ஆனால் தம்பியைவிட அவருக்கு இருந்த முன்னிலை எழுபதிலிருந்து நாற்பத்தைந்தாகச் சுருங்கிவிட்டது. எல்லோருக்கும் கிடைத்த வரிக்குறைப்பு, சிலருக்கு மட்டும் இருந்த வரிச்சலுகையின் மதிப்பை ஓசையில்லாமல் கரைத்திருக்கிறது. கேன்டீன் விலை என்றாலே கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்ற பழைய நம்பிக்கையை இப்போது மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. டிசம்பர் கடைசியில், அந்த மாடலின் புது வடிவம் வரப்போகிறது என்ற நிலையில், ஷோரூமின் பொதுத் தள்ளுபடி அந்த நாற்பத்தைந்தாயிரத்தை எட்டிப் பிடித்துவிடக்கூடும். ஷோரூம் சலுகைகள் பெரும்பாலும் கேன்டீன் விலையின்மேல் ஏறுவதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேன்டீன் சலுகையிலும் படிநிலை உண்டு. 2019 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி அதிகாரி எட்டு ஆண்டுக்கு ஒரு கார் எடுக்கலாம், ஜிஎஸ்டி நீங்கலாக 12 லட்சம் வரை. சிப்பாய் முதல் ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்) வரை உள்ளவர்களுக்குப் பணிக்காலத்தில் ஒன்று, ஓய்வுக்குப் பின் ஒன்று. அன்று வைத்த வரம்பு 5 லட்சம், இன்ஜின் 1400 சிசிக்குள். இந்த வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. வாங்கும் நாளில் உள்ள விதியைக் கேன்டீனிலேயே கேட்டுக்கொள்வதுதான் சரி. ஹவில்தார் அண்ணனுக்கு ஓய்வுக்குப் பின் ஒரே ஒரு வாய்ப்பு. அதைச் சின்னக் காரில் செலவழிப்பதா, பிள்ளைக்குக் கல்யாணமாகும் வரை வைத்திருப்பதா என்ற யோசனை குன்னூர்ப் பக்கத்து வீடுகளில் நடப்பதுதான். தம்பியின் சலுகைக்கு இப்படி எண்ணிக்கை வரம்பு இல்லை. எத்தனை தரம் வேண்டுமானாலும் வண்டியை மாற்றிக்கொண்டே இருக்கலாம். கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டுக்கும் உள்ள ஆழமான வேறுபாடு தொகையில் இல்லை என்று நினைக்கிறேன். கேன்டீன் சலுகை அண்ணனிடம் அட்டையைத் தவிர எதையும் கேட்பதில்லை. அவருடைய பழைய கார் அவரிடமே இருக்கிறது. அதை மெதுவாக, நல்ல விலை வரும்வரை காத்திருந்து, பக்கத்து ஊர்க்காரருக்கு விற்கலாம், மகனுக்குக் கொடுக்கலாம். உரிமையாளர் சலுகை தம்பியிடம் அந்தப் பழைய காரையே கேட்கிறது, அதுவும் ஷோரூமின் நாளில், ஷோரூமின் விலைக்கு. மேலே போட்ட கணக்கில் இருவரிடமும் ஒரே மாதிரிப் பழைய கார் இருந்தால், அண்ணனுக்கு 45,000 மிச்சம், தம்பிக்கு ஐயாயிரம் நஷ்டம். வித்தியாசம் ஐம்பதாயிரம். அதில் ஐயாயிரம் அரசு உண்டாக்கியதல்ல, எக்ஸ்சேஞ்ச் என்ற நிபந்தனை உண்டாக்கியது.

அமெரிக்காவில் கார் கம்பெனிகள் தரும் லாயல்டி பணத்துக்குப் பல நேரங்களில் பழைய வண்டியை ஒப்படைக்கத் தேவையில்லை. அந்தக் கம்பெனி வண்டி உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டினால் போதும். போட்டிக் கம்பெனியின் வண்டி வைத்திருப்பவரை இழுப்பதற்கென்றே தனிச் சலுகையும் அங்கே உண்டு. நம் ஊரில் போனஸும் பழைய வண்டி வியாபாரமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. மாருதி 2001-இல் ட்ரூ வேல்யூ தொடங்கிய பின் மற்ற கம்பெனிகளும் பழைய கார் கடைகளைத் திறந்தன. அந்தக் கடைகளுக்குச் சரக்கு வேண்டும். எக்ஸ்சேஞ்ச் போனஸ் அந்தச் சரக்கைக் கொண்டுவரும் வழி.

ஆளைப் பார்த்துத் தரும் சலுகைக்கும் ஒரு நோய் உண்டு. இலங்கையில் அரசு ஊழியர்களுக்குச் சலுகை வரியில் வாகனம் இறக்குமதி செய்யும் பர்மிட் கொடுக்கப்பட்டது. வாங்க வசதியில்லாத பலர் அந்தப் பர்மிட்டையே வெளியில் விற்றார்கள். சலுகை ஆளைவிட்டு நழுவிப் பணக்காரரின் கைக்குப் போனது. நம் கேன்டீன் முறையில் வண்டி அட்டைக்காரரின் பெயரில்தான் வரும்; எட்டு ஆண்டு, ஒரே தரம் என்ற கட்டுகளும் உண்டு. அவை கசப்பாக இருந்தாலும் அந்த நோயைத் தடுக்கத்தான் இருக்கின்றன.

சாலை வரியில் இரண்டு பேரும் ஒரே வரிசை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காரின் ஆயுள் வரி விலைக்கேற்ப நான்கு படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்குமேல் 20. இதில் பத்து லட்சத்தின் விளிம்பு ஆபத்தானது. 9,99,000 ரூபாய் காருக்கு வரி 1,29,870. விலை 10,10,000 ஆனால் 1,81,800. பதினோராயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு ஐம்பத்தோராயிரத்துக்கும் மேல் வரி வித்தியாசம். எந்த லாயல்டி போனஸும் இந்தப் பள்ளத்தை மூடாது. இங்கே சலுகையின் தொகையைவிட அது எந்த இடத்தில் கழிக்கப்படுகிறது என்பது முக்கியம். வண்டி விற்று முடிந்தபின் தனியாக வரவு வைக்கப்படும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் பில்லில் உள்ள விலையைத் தொடாது. விளிம்பில் நிற்கும் வேரியண்ட்டை எடுப்பவர், பதிவுக்குப் போகும் பில்லில் என்ன விலை இருக்கும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்சேஞ்சுக்குச் சாதகமாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது சின்ன விஷயமில்லை. தெரிந்தவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வண்டி, ஆர்சி மாறாமல் ஓடி எங்கோ விபத்தில் சிக்கினால், நஷ்டஈடு யார் தலையில்? ஆர்சியில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலையில் வண்டிகள் வாய்ப்பேச்சில் கைமாறுவது சகஜம். 'அடுத்த மாசம் மாத்திடறேன்ணே' என்று சொல்லிச் சாவியை வாங்கிப் போனவர் மூன்று தீபாவளி வரை மாற்றாமல் ஓட்டுவார். ஷோரூமில் கொடுத்தால் அந்தக் கவலை குறையும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெறும் விதி வந்திருக்கிறது. வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அடுத்த ஆளுக்கு மாறும்வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ஒப்படைக்கும் நாளில் இந்தப் படிவத்தைக் கேட்டு வாங்காமல், நிரப்பாத 29, 30 படிவங்களில் மட்டும் கையெழுத்துப் போட்டு வருவது ஷோரூமுக்கு வசதி, நமக்கு வம்பு. உள்ளூரில் விற்பவரும் ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாறிய பின்பே கடைசித் தவணையை வாங்குவது என்று வைத்துக்கொண்டால், நேர் விற்பனையின் பெரிய ஆபத்து போய்விடும்.

பெயர் விஷயத்தில் இன்னொரு முடிச்சு. எக்ஸ்சேஞ்ச், லாயல்டி இரண்டுக்கும் பழைய ஆர்சியில் உள்ள பெயரும் புதுக் காரின் பெயரும் ஒன்றாகவோ, நெருங்கிய குடும்ப உறவாகவோ இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் கேட்கின்றன. மலைக் கிராமங்களில் பல பழைய வண்டிகள் இன்னும் காலமான அப்பாவின் பெயரிலேயே ஓடுகின்றன. படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றாதவரை போனஸும் வராது, முறையாக விற்கவும் முடியாது. புதுக் கார் பார்க்கப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஷோரூமில் போய் உட்கார்ந்த பிறகு தெரிந்தால், அந்த மாதச் சலுகை முடிந்துவிடும்.

இந்த இரண்டு திட்டங்களுக்கும் பிடிகொடுக்காத வண்டி ஒன்று மலையில் உண்டு: பழைய மஹிந்திரா ஜீப். இருபது வருஷம் தாண்டியும் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் இலை மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு ஓடும். 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு தாண்டிய இலகு ரக வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். உடைக்கக் கொடுத்தாலும் சலுகை உண்டுதான். 2024 ஆகஸ்டில் கார் கம்பெனிகள் ஒன்றிய அரசிடம் ஒப்புக்கொண்டபடி, வண்டியை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் உடைத்த சான்றைக் காட்டினால் புதுக் கார் விலையில் 1.5 சதவீதம் அல்லது 20,000, இதில் எது குறைவோ அது. ஓராண்டுக்கு என்று தொடங்கிய ஏற்பாடு அது. நம் 5,90,000 ரூபாய் காருக்கு அது 8,850. எக்ஸ்சேஞ்ச் போனஸோடு இதைச் சேர்த்துக் கேட்கவும் முடியாது. ஓடும் நிலையில் உள்ள ஜீப்பை இந்த விலைக்கு உடைக்கக் கொடுக்க எந்தத் தோட்டக்காரருக்கும் மனம் வராது. ஷோரூம் மதிப்பீட்டாளரோ அதைச் சுற்றி வந்து இரும்பு விலைதான் சொல்வார். அடுத்த எஸ்டேட்டுக்காரர் அதைவிடப் பல மடங்கு தரத் தயாராக இருப்பார்.

ஜீப்பை வைத்துக்கொண்டே அதே கம்பெனியின் புதுக் காரை எடுக்கும் விவசாயி ஷோரூமில் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் இரண்டாவது வண்டி வாங்கும் பழைய வாடிக்கையாளருக்கு, பழையதைக் கேட்காமலே, ஆர்சி நகலை மட்டும் பார்த்து லாயல்டி தரும் திட்டத்தைச் சில கம்பெனிகள் சில மாதங்களில் வைக்கின்றன. விற்பனைப் பையன் அதைத் தானாகச் சொல்ல மாட்டான். எக்ஸ்சேஞ்சுக்கு வண்டி வந்தால்தான் அவனுக்கு லாபம். மேனேஜரிடம், அந்த மாதத்துச் சலுகைச் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.